மதிலும் ஆலயமும்: மலாக்கா துறைமுக நகரின் வரலாறு

மலேசியத் திருநாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் கால் பதிக்க வேண்டிய நகரம் மலாக்கா. பள்ளி மாணவர்கள் ஆண்டுதோறும் ஆசிரியர்களுடன் அங்குச் செல்கின்றனர். திருமண விடுமுறையிலும் பண்டிகை விடுமுறையிலும் குடும்பங்கள் செல்கின்றன. சென்றவர் அனைவரும் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் பழைய கல்வாயிலின் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளத் தவறுவதில்லை. 'ஆ ஃபாமோசா' என்று பெயர் பெற்ற கோட்டையில் எஞ்சியிருப்பது அந்த வாயில் ஒன்றே. அதன் இருபுறமும் மதில் இல்லை. அது காத்த நகரமும் இல்லை.

அவ்வாயிலிலிருந்து புறப்பட்டு, மலாக்கா ஆற்றின் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் பொற்கொல்லர் தெரு எனப் பொருள்படும் 'ஜாலான் துக்காங் ஏமாஸ்' வரும். அத்தெருவில் அருள்மிகு ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் அமைந்துள்ளது. 1781ஆம் ஆண்டில் எழுந்த அவ்வாலயத்தில் இன்றும் விளக்கு எரிகிறது, மணி ஒலிக்கிறது. பீரங்கிகளும் படைவீரர்களும் காத்த கல்மதில் மறைந்துவிட, அம்மதிலுக்கு வெளியே வணிகர் சிலர் எழுப்பிய சிற்றாலயம் எவ்வாறு நிலைத்தது? இக்கேள்விக்கு விடை காண மலாக்காவின் ஆறு நூற்றாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

காற்று அமைத்த துறைமுகம்

சுமத்திராவுக்கும் மலாயாத் தீபகற்பத்துக்கும் இடையே கடல் குறுகும் இடத்தில், ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்தது மலாக்கா. சுமார் 1400ஆம் ஆண்டளவில் பரமேஸ்வரா என்னும் இளவரசர் இந்நகருக்கு வித்திட்டார் என்பது வரலாறு. விளைநிலம் மிகுந்த ஊர் அன்று அது. அரிசியைக்கூட வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ஆயினும் காற்று அவ்வூருக்குத் துணை நின்றது. தென்மேற்குப் பருவக்காற்று இந்தியாவிலிருந்து வரும் மரக்கலங்களைக் கிழக்கே செலுத்தும். வடகிழக்குப் பருவக்காற்று சீனத்துக் கப்பல்களைத் தெற்கே கொண்டுவரும். இரு திசை வணிகரும் காற்று மாறும் வரை ஓரிடத்தில் மாதக்கணக்கில் தங்கியாக வேண்டும். அவர்கள் தங்கிய இடமே மலாக்கா.

சோழமண்டலக் கரையின் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து வந்த தமிழ் வணிகர் துணிமணிகளைக் கொண்டுவந்தனர். மலுக்குத் தீவுகளின் கிராம்பு, பண்டா தீவின் சாதிக்காய், திமோரின் சந்தனம், இந்நாட்டு ஈயம், சீனத்துப் பட்டு, பீங்கான் ஆகியவற்றை ஏற்றிச் சென்றனர். தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் விலையாகக் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் இந்தியத் துணியே. ஆகவே துணி கொணர்ந்தவர்களுக்கு மலாக்காவில் தனி மதிப்பிருந்தது.

சுல்தானின் ஆட்சியில் துறைமுக நிருவாகம் செம்மையாக வகுக்கப்பட்டிருந்தது. 'ஷாபண்டார்' எனப்பட்ட துறைமுகத் தலைவர்கள் நால்வர் இருந்தனர். குஜராத்தியருக்கு ஒருவர், தமிழர், வங்காளர், பெகு நாட்டார், பாசாய் நாட்டார் ஆகியோருக்கு ஒருவர், ஜாவா, மலுக்கு, பண்டா, போர்னியோ முதலிய தீவினருக்கு ஒருவர், சீனருக்கும் சம்பா, ரியூக்யூ நாட்டாருக்கும் ஒருவர். கப்பல் வந்தவுடன் அந்தந்த ஷாபண்டார் வணிகரை வரவேற்று, சரக்கு வைக்கக் கிடங்கு தந்து, வரியை மதிப்பிட்டு, வழக்கு ஏற்படின் தீர்த்துவைத்தார். 1512 முதல் 1515 வரை மலாக்காவில் தங்கிய தோமே பிரேஸ் என்னும் போர்த்துக்கீசியர், அத்துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டன என்று எழுதிவைத்துள்ளார். அந்நாளைய மலாக்காவுக்குக் கல்மதில் கிடையாது. அயலார் தம் மொழி பேசி, தம் இறைவனை வணங்கி, நியாயமான வரி செலுத்தி வணிகம் செய்யலாம் என்ற நம்பிக்கையே அந்நகரின் அரணாக இருந்தது.

1511: ஆகஸ்டுத் திங்கள்

1509ஆம் ஆண்டில் தியோகோ லோபெஸ் தெ செக்கேரா என்பாரின் தலைமையில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் முதன்முதலில் மலாக்காவை அடைந்தன. நட்பாகத் தொடங்கிய வருகை பகையாக முடிந்தது. செக்கேரா தப்பிச் சென்றார். கரையிலிருந்த அவருடைய ஆட்கள் சிலர் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ருய் தெ அராவுஜோ, நகரின் நிலையை விவரித்து இந்தியாவிலிருந்த தளபதி அல்புக்கெர்க்குக்கு 1510இல் மடல் அனுப்பினார். சிறையிலிருந்தவர்களுக்கு உணவும் உதவியும் அளித்தவர் ஒரு தமிழ் இந்து வணிகர். போர்த்துக்கீசியர் அவரை 'நீனா சாத்து' என்று எழுதினர். நயினா செட்டி என்ற தமிழ்ப் பெயரின் திரிபே அஃது என்பர்.

1511ஆம் ஆண்டு ஜூலையில் அல்புக்கெர்க் படையுடன் வந்து சேர்ந்தார். நகரத்தின் இரு பகுதிகளையும் இணைத்த ஆற்றுப்பாலமே போரின் மையமாயிற்று. ஜூலை 25ஆம் நாள் நடந்த முதல் தாக்குதலில் பாலத்தைக் கைப்பற்றியும் அதனைக் காக்க இயலாமல் அவர்கள் பின்வாங்கினர். ஆகஸ்டு 10ஆம் நாள், உயரமான மரக்கலம் ஒன்றைப் பாலத்தருகே கொண்டுவந்து நிறுத்தி மீண்டும் தாக்கினர். அம்மாதம் முடிவதற்குள் நகரம் அவர்கள் வசமாயிற்று. சுல்தான் மஹ்மூத் ஷா மூவாருக்குப் பின்வாங்கிப் பின்னர் பிந்தானில் ஆட்சியை நிறுவினார்.

நயினா செட்டியின் உயர்வும் முடிவும்

வெற்றி பெற்ற அல்புக்கெர்க், முஸ்லிம் அல்லாத குடிகளுக்குத் தலைவராக நயினா செட்டியை நியமித்துப் பெண்டஹாரா பதவியை அளித்தார். இந்நியமனத்தில் நன்றியுணர்வு மட்டுமன்றித் தேவையும் கலந்திருந்தது. கிழக்குக் கடலின் வழிகளும் சந்தைகளும் போர்த்துக்கீசியருக்குப் புதியவை. எந்தத் துறையில் எந்தச் சரக்கு விலைபோகும், யாரிடம் கடன் கொடுக்கலாம், எம்மாதத்தில் புறப்பட வேண்டும் என்பன போன்ற அறிவு தமிழ் வணிகரிடம் இருந்தது. 1512இல் பெகு நாட்டிற்குச் சென்ற கப்பலில் போர்த்துக்கீசிய அரசும் நயினா செட்டியும் பங்குதாரர்கள். 1513இல் ஜோர்ஜ் ஆல்வரெஸ் சீனக்கரையை அடைந்த பயணத்திலும் அவருக்குப் பங்குண்டு. ஐரோப்பியரின் முதற் சீனக் கடற்பயணங்களில் ஒன்றாக வரலாற்று நூல்கள் போற்றும் அப்பயணத்திற்கு ஒரு தமிழ் வணிகரின் முதல் துணைநின்றது என்பது பலர் அறியாத செய்தி.

நயினா செட்டியின் செயலை எவ்வாறு மதிப்பிடுவது? தம்மை வாழவைத்த அரசுக்கு எதிராகப் பகைவருக்குத் துணைபோனார் என்று கூறுவோர் உண்டு. சிறைப்பட்ட அயலாருக்கு இரங்கியவர், வணிகத்தைக் காக்கக் காலத்தோடு இயைந்து நடந்தவர் என்று கூறுவோரும் உண்டு. இரு கூற்றுகளிலும் உண்மை இருக்கிறது. அவரைப் பழிக்கவோ வீரராகப் போற்றவோ முற்படுவதைவிட, அவருடைய முடிவு உணர்த்தும் பாடத்தை எண்ணுதல் தகும்.

1514ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் அவரைப் பதவியிலிருந்து நீக்கி, கம்பார் நாட்டு அரசரான அப்துல்லாவை அவ்விடத்தில் அமர்த்தினர். அரசியல் கணக்கு மாறியது. பழைய உதவி மறக்கப்பட்டது. அவமானம் பொறாத நயினா செட்டி சிதை அடுக்கச் செய்து, அதில் ஏறி உயிர் துறந்தார் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்களே எழுதியுள்ளனர். அவருக்குப் பின் வந்த அப்துல்லாவின் கதி இன்னும் இரங்கத்தக்கது. சில காலத்திற்குள் அவர்மீது ஐயங்கொண்ட போர்த்துக்கீசியர் அவரைக் கொலைத்தண்டனைக்கு உள்ளாக்கினர். வாக்கை நம்பி வாழ்ந்த நகரில் வாக்கு மலிவாயிற்று. அந்நாள்களிலேதான் கல்மதில் எழுந்துகொண்டிருந்தது.

மதில் எழுந்த கதை

நகரைப் பிடித்தவுடன் அல்புக்கெர்க் செய்த முதற் பணி கோட்டை கட்டியதே. குன்றின் அடியில், கடலலை வந்து மோதும் இடத்தில் கோட்டை எழுந்தது. அதற்கு வேண்டிய கற்களுக்காகச் சுல்தான்களின் கல்லறைகளும் பள்ளிவாசலும் இடிக்கப்பட்டன. ஒரு சமயத்தாரின் புனித இடங்களைத் தகர்த்து அக்கற்களால் அரண் அமைத்த இச்செயல், எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் சிந்திப்போர் உள்ளத்தை வருத்தும். நான்கு அடுக்குகளுடன் ஓங்கி நின்ற கோபுரம் கடலில் வரும் கப்பல்களுக்கு நெடுந்தொலைவிலிருந்தே தெரிந்தது. காலப்போக்கில் குன்று முழுவதையும் சூழ்ந்து மதில் நீண்டது. மூலைகளில் கொத்தளங்கள் எழுந்தன.

மதிலுக்குள் ஆளுநர் மாளிகை, படைவீடு, மருத்துவமனை, தேவாலயங்கள் ஆகியன இருந்தன. குன்றின் உச்சியில் 1521இல் துவார்த்தே கொயெல்யோ எழுப்பிய சிறு வழிபாட்டிடம் பின்னர் பெருந்தேவாலயமாக விரிந்தது. 1545இல் மலாக்காவிற்கு முதன்முறையாக வந்த பிரான்சிஸ் சவேரியார் அங்கு ஊழியம் செய்தார். அவர் சீனக்கரையருகே மறைந்தபின், அவருடைய உடல் 1553இல் சில மாதங்கள் அங்கு அடக்கம் செய்யப்பட்டிருந்து, பின்னர் கோவாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டது.

வணிகர் எங்கே வாழ்ந்தனர்? ஆற்றின் மறுகரையில், மதிலுக்கு வெளியே. மலாக்காவில் பிறந்த மனுவேல் கோதின்யோ தெ எரேதியா 1613இல் எழுதிய விவரணத்தில், அப்புறநகரில் சோழமண்டலக் கரையினர் வாழ்ந்த பகுதி 'கம்போங் கெலிங்' என்றும், சீனர் வாழ்ந்த பகுதி 'கம்போங் சீனா' என்றும் குறிக்கப்பட்டுள்ளன. கலிங்க நாட்டின் பெயரிலிருந்து பிறந்த 'கெலிங்' என்னும் சொல் அந்நாளில் தென்னிந்தியக் கரையினரைச் சுட்டிய பொதுப்பெயர். அப்பெயர் பிற்காலத்தில் இழிசொல்லாக மாறியது வேறு கதை. புறநகருக்குக் கல்மதில் இல்லை. மண்ணரணும் மரவேலியுமே இருந்தன. மரவேலியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லே தெங்கேரா என்னும் ஊர்ப்பெயராக இன்றும் வழங்குகிறது.

மதில் கட்டியோர் எண்ணியதுபோல் வணிகம் மதிலுக்குள் அடங்கவில்லை. புதிய வரிகளையும் கட்டுப்பாடுகளையும் கண்ட முஸ்லிம் வணிகர் ஆச்சே, ஜொகூர், பந்தாம் முதலிய துறைகளை நாடினர். ஆச்சே அரசின் படைகள் 1568இலும் 1629இலும் மலாக்காவை முற்றுகையிட்டன. 1606இல் டச்சுக்காரர் தாக்கினர். ஒவ்வொரு முற்றுகையிலும் மதிலுக்குள் இருந்தோர் வாயிலை அடைத்துக்கொண்டனர். ஓலைக் கூரை வேய்ந்த மரவீடுகளில் வாழ்ந்த வெளிநகரத்தாரே தீக்கும் கொள்ளைக்கும் முதலில் ஆளாயினர். எனினும் தீ அணைந்ததும் அவர்கள் மீண்டும் கூரை வேய்ந்து கடை திறந்தனர்.

டச்சுக்காரர் காலமும் விநாயகர் ஆலயமும்

1640ஆம் ஆண்டில் ஜொகூரின் துணையோடு டச்சுக்காரர் மலாக்காவைச் சூழ்ந்தனர். மாதக்கணக்கில் நீடித்த முற்றுகையில் பீரங்கியைவிடப் பசியும் நோயும் மிகுதியான உயிர்களைக் குடித்தன. 1641 ஜனவரி 14ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. வென்றவர்கள் அதே மதிலைப் பழுதுபார்த்துத் தமதாக்கிக் கொண்டனர். எஞ்சியுள்ள வாயிலின் மேல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1670 என்னும் ஆண்டும் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். போர்த்துக்கீசியர் கட்டிய வாயிலில் டச்சுக்காரர் முத்திரை! ஆட்சிகள் மாறிய வரலாற்றை ஒரே கல்லில் படிக்கலாம்.

டச்சுக்காரருக்கு ஆசியத் தலைநகரம் பாத்தாவியா. அதாவது இன்றைய ஜகார்த்தா. வணிகத்தின் பெரும்பகுதி அங்குத் திருப்பப்பட்டதால் மலாக்கா இரண்டாம் நிலைத் துறைமுகமாயிற்று. ஆனால் ஒவ்வொரு சமூகத்திற்கும் 'கப்பித்தான்' என்னும் தலைவரை அமர்த்தி, அச்சமூகத்தின் உள்விவகாரங்களை அவரிடமே விட்டனர். இம்முறையில் பழைய ஷாபண்டார் ஏற்பாட்டின் சாயலைக் காணலாம்.

டச்சுக்காரர் ஆட்சிக்காலத்தில் மதிலுக்கு வெளியே எழுந்த வழிபாட்டிடங்களை வரிசைப்படுத்தினால் வியப்பு மேலிடும். சீனரின் செங் ஹூன் தெங் ஆலயம் பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்தது. கத்தோலிக்கரின் புனித பேதுரு தேவாலயம் 1710இல் எழுந்தது. கம்போங் ஹுலு பள்ளிவாசல் 1728இலும், இந்திய முஸ்லிம் வணிகரின் கம்போங் கெலிங் பள்ளிவாசல் 1748இலும் தோன்றின. அவ்வரிசையில் 1781இல் பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் எழுந்தது. செட்டி சமூகத்தின் கப்பித்தானாக விளங்கிய தெய்வநாயகம் செட்டி, டச்சு அரசு வழங்கிய நிலத்தில் இவ்வாலயத்தை அமைத்தார். இவை அனைத்தும் இன்றளவும் வழிபாடு நடைபெறும் இடங்களாகவே உள்ளன.

'பொய்யாத' என்ற அடைமொழியை எண்ணிப் பார்த்தல் நன்று. வாக்குத் தவறாதவர், நம்பினோரைக் கைவிடாதவர் என்று அது பொருள்படும். எழுத்தில் ஒப்பந்தம் குறைவாகவும் வாய்ச்சொல் மிகுதியாகவும் வழங்கிய கடல் வணிக உலகில், வாக்குப் பொய்யாமையே வணிகரின் முதல். அத்தகைய வணிகர் வாழ்ந்த தெருவில் இத்திருப்பெயர் விளங்குவது பொருத்தமே.

ஆலயம் எழுந்த மூன்றாம் ஆண்டிலேயே மலாக்கா மீண்டும் போரைக் கண்டது. 1784இல் ரியாவின் பூகிஸ் தலைவர் ராஜா ஹாஜி நகரை முற்றுகையிட்டு, தெலுக் கெத்தாப்பாங்கில் நடந்த போரில் உயிர்நீத்தார். அப்போதும் மதிலுக்கு வெளியே இருந்த மக்கள் அஞ்சி வாழ்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

மதில் தகர்ந்தது

1795இல் ஐரோப்பியப் போர்களின் காரணமாக மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அது நிலையான உடைமை அன்று. என்றேனும் டச்சுக்காரரிடம் திருப்பித் தர வேண்டியிருக்கும். பலமான கோட்டையுடன் திருப்பிக் கொடுத்தால் பினாங்கிற்குப் போட்டியும் ஆபத்தும் விளையும் என்று ஆங்கிலேயர் அஞ்சினர். ஆகவே கோட்டையைத் தகர்க்க ஆணை பிறந்தது. 1807இல் வில்லியம் ஃபார்க்குவார் அதனை நிறைவேற்றினார்.

அக்காட்சியை நேரில் கண்டு எழுதியவர் முன்ஷி அப்துல்லா. மலாய் இலக்கியத்தின் புதுயுக முன்னோடியாகப் போற்றப்படும் அவர், அரபு வழியும் தமிழ் வழியும் கலந்த குடும்பத்தில் மலாக்காவில் பிறந்தவர். 1849இல் அச்சான 'ஹிகாயத் அப்துல்லா' என்னும் தம் வரலாற்று நூலில், சிறுவயதில் கண்ட கோட்டை இடிப்பை விரிவாகக் கூறுகின்றார். முதலில் கூலியாட்கள் கடப்பாரை கொண்டு இடிக்க முயன்றனர், கல் அசையவில்லை. கோட்டையில் பேய்கள் உறைகின்றன என்ற அச்சமும் மக்களிடையே பரவியது. இறுதியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தபோது யானையளவும் வீட்டளவும் பெரிய கற்கள் வானில் எழுந்து கடலில் வீழ்ந்தன என்பது அவர் தரும் சித்திரம். கோட்டையோடு மலாக்காவின் அழகும் போயிற்று என்று அவர் வருந்துகின்றார்.

அந்நூலில் தமிழர் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. சிறுவன் அப்துல்லாவைத் தமிழ் கற்கத் தந்தையார் அனுப்பினார். மலாக்காவில் நற்குடிப் பிள்ளைகள் தமிழ் பயில்வது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், கணக்குக்கும் வணிகத்துக்கும் அம்மொழி பயன்பட்டது என்றும் அவர் குறிக்கின்றார். சுல்தான் அரசு போய், போர்த்துக்கீசியர் போய், டச்சுக்காரர் ஆட்சியும் மங்கிய பிறகும், மலாக்காவின் கணக்கேடுகளில் தமிழ் வாழ்ந்தது. மதிலின் துணையில்லாமலே மூன்று நூற்றாண்டு நிலைத்த செல்வாக்கு அது.

1808இல் மலாக்காவிற்கு வந்த ராஃபிள்ஸ், இந்நகரைக் கைவிடலாகாது என்று மேலிடத்திற்கு அறிக்கை எழுதினார். மக்களைப் பினாங்கிற்குக் குடிபெயர்க்கும் திட்டம் நின்றது. எஞ்சிய ஒரே வாயில் தப்பியது. 1818இல் டச்சுக்காரரிடம் திரும்பிய மலாக்கா, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பெங்கூலனுக்கு மாற்றாக மீண்டும் ஆங்கிலேயரை அடைந்தது. அதற்குள் 1786இல் ஆங்கிலேயர் நிறுவிய பினாங்கும் 1819இல் நிறுவிய சிங்கப்பூரும் கப்பல்களை ஈர்த்துவிட்டன.

செட்டி சமூகத்தின் நிலை

வணிகம் குன்றியதும் மலாக்காச் செட்டிகள் பலர் நகரை அடுத்த காஜா பெராங் பகுதிக்குக் குடிபெயர்ந்து நிலத்தை நம்பி வாழத் தொடங்கினர். வேறு சிலர் சிங்கப்பூருக்கும் பினாங்கிற்கும் வேலை தேடிச் சென்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நாடுகளுக்கு வந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரையும் மலாக்காச் செட்டிகளையும் ஒருவராகவே கருதும் தவறு பரவலாக உள்ளது. மலாக்காச் செட்டிகள் சுல்தான் கால வணிகரின் வழித்தோன்றல்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்து, மலாய் மொழியைத் தாய்மொழியாகவும் சாரோங்கையும் கெபாயாவையும் உடையாகவும் ஏற்றவர்கள். ஆனால் சைவ நெறியையும் திருநீற்றையும் தமிழ்ப் பெயர்களையும் விட்டாரல்லர். முன்னோர்க்குப் படைக்கும் சடங்கை அவர்கள் 'பர்ச்சு' என்பர். பொங்கலையொட்டி ஒன்றும் பழங்கள் பழுக்கும் பருவத்தில் ஒன்றுமாகப் படையலிடுவர். வாழையிலையில் நாசி லெமாக்கும் சம்பால் பெலாச்சானும் இடம்பெறும். மூத்தோர் பெயர் சொல்லி வணங்குவர். மாரியம்மனுக்கு அவர்கள் எடுக்கும் 'டத்தோ சாச்சார்' விழா அம்மை நோயிலிருந்து காக்க வேண்டி எழுந்த வழிபாடாகும்.

மொழி போனால் சமயமும் போகும் என்பது பலருடைய கருத்து. மலாக்காச் செட்டிகளின் வரலாறு அக்கருத்தை மறுபடி சிந்திக்கச் செய்கிறது. அதேவேளையில், தமிழ் அறியாத தலைமுறைகள் தேவாரத்தின் பொருளை உணராமற் போன இழப்பையும் மறைத்தற்கில்லை. வீட்டில் பாட்டி காட்டிய படையல், ஆலயத்தில் தந்தை பிடித்த குடை, ஆண்டுக்கு ஒருமுறை கூடும் உறவு ஆகியவையே அவர்களை இந்துக்களாக வைத்திருந்தன. மறுபுறம் மொழியுடையோர் பலர் இச்சடங்குகளை நழுவவிட்டதும் உண்மை.

பொய்யாத விநாயகர் ஆலயத்தின் நிருவாகப் பொறுப்பு 1962 முதல் நகரத்தாரிடம் உள்ளது. மாசி மகப் பெருவிழாவில் சுப்பிரமணியர் வெள்ளி இரதத்தில் எழுந்தருளி, செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்குச் செல்லும் காட்சியைக் காணப் பல ஊர்களிலிருந்தும் அடியார்கள் திரள்வர். முன்னவர் எழுப்பியதைப் பின்வந்தவர் போற்றிக் காக்கின்றனர்; இரு சமூகத்தாருக்கும் அப்பெருமை உரியது.

இன்று மலாக்கா செல்வோர் காண வேண்டியவை

மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ்டவுனும் 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. சிவப்பு வண்ணம் பூசிய ஸ்தாதைஸ் மாளிகை பதினேழாம் நூற்றாண்டினது. அருகிலுள்ள கிறிஸ்து தேவாலயம் 1753இல் நிறைவுற்றது. அங்கிருந்து குன்றேறினால் கூரையிழந்த புனித பவுல் தேவாலயமும், சுவரில் சாய்த்து வைக்கப்பட்ட டச்சுக் கல்லறைக் கற்களும் உள்ளன. மறுபக்கம் இறங்கினால் சந்தியாகோ வாயில். ஒருகாலத்தில் அதன் அருகே அலை மோதியது. கடல் தூர்க்கப்பட்டதால் இன்று கடல் வெகுதூரம் விலகிவிட்டது. 1956 பிப்ரவரி 20ஆம் நாள், துங்கு அப்துல் ரஹ்மான் இந்நாட்டு விடுதலைக்குரிய நாளை அறிவித்த திடலும் அருகிலேயே உள்ளது. அந்நியர் மதில் நின்ற மண்ணில் விடுதலைச் செய்தி ஒலித்தது.

2006இல் சுழல்கோபுரம் ஒன்று கட்ட நிலம் தோண்டியபோது டச்சுக்காரரின் மிடில்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரம் வேறிடத்திற்கு மாற்றப்பட்டு, கொத்தளம் ஆற்றங்கரையில் மீட்டெழுப்பப்பட்டது. பீரங்கிகள் வைக்கப்பட்ட அக்கொத்தளத்தில் இன்று சிறுவர்கள் ஓடியாடுகின்றனர்.

பெரும்பாலோர் இத்துடன் திரும்பிவிடுகின்றனர். பாலத்தைக் கடந்து பொற்கொல்லர் தெருவுக்கும் செல்லுதல் வேண்டும். விநாயகர் ஆலயம், கம்போங் கெலிங் பள்ளிவாசல், செங் ஹூன் தெங் ஆலயம் ஆகிய மூன்றும் சில நிமிட நடைக்குள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மணியோசையும் பாங்கொலியும் ஊதுவத்தி மணமும் ஒரே தெருவில் கலக்கின்றன. பள்ளிவாசலின் மும்மடிக் கூரையில் சுமத்திராவின் சாயலும் அதன் கோபுரத்தில் சீனத்துச் சாயலும் காணலாம். அண்டை வீட்டாரின் கைத்திறனை ஒருவர்க்கொருவர் கடன்பெற்ற காலத்தின் சான்று அது.

அங்கிருந்து காஜா பெராங் செட்டி கிராமத்திற்கும் சென்றுவருதல் நலம். சிங்கப்பூரின் இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் இச்சமூகத்தைப் பற்றிச் சிறப்புக் கண்காட்சி நடத்தியபின் வெளியார் கவனம் ஓரளவு திரும்பியுள்ளது. ஆனால் கண்காட்சியால் மட்டும் ஒரு கிராமம் வாழாது. 2010களில் கிராமத்தை ஒட்டி உயர்மாடிக் கட்டடங்கள் எழ முற்பட்டபோது குடியிருப்போர் மறுப்புத் தெரிவிக்க வேண்டியிருந்தது. இளையோர் தொழில் தேடி வெளியூர் செல்கின்றனர். படையலிடத் தெரிந்த மூத்தோர் குறைந்து வருகின்றனர். நான்கு ஆட்சிகளைக் கடந்து வந்த மரபு, கவனிப்பாரின்றித் தேயுமாயின் அது வெளிப்பகைவர் செய்த குற்றமாகாது.

மலாக்காவின் மதிலை எழுப்ப ஒரு பேரரசின் பொருளும் படையும் தேவைப்பட்டன. தகர்க்க வெடிமருந்து போதுமானதாயிற்று. ஆலயத்தை நிலைநிறுத்தத் தேவைப்பட்டது, தலைமுறைதோறும் ஒருவர் முன்வந்து விளக்கேற்றியதே. அந்தப் பொறுப்பு எந்த அரசாலும் அளிக்கப்பட்டதன்று; பெற்றோர் பிள்ளைகளிடம் ஒப்படைத்தது. அடுத்த விடுமுறையில் மலாக்கா செல்லும் அன்பர்கள் தம் பிள்ளைகளைக் கல்வாயிலின் முன் நிறுத்திப் படம் எடுக்கட்டும். பின்னர் அவர்களின் கைபிடித்து ஆற்றைக் கடந்து, விநாயகர் சந்நிதியில் ஒரு தேங்காய் உடைத்து, இவ்வாலயத்தை எழுப்பியவர் யாவர் என்று சொல்லிக்கொடுக்கட்டும்.